உப்புக்காற்றுக்கும் உவர் மண்ணுக்கும் அலங்காரப் புல்: தொட்டிச் சோதனையிலிருந்து பாத்தி வரை

அலங்காரப் புல் நாற்றின் சீட்டில் "உப்பைத் தாங்கும்" என்று போட்டிருந்தால், எந்த உப்பை என்று தெரிந்த பிறகே வாங்க வேண்டும். கடலோர நிலத்தில் உப்பு இரண்டு வழியாக வருகிறது. காற்றில் பறந்து வந்து இலைமேல் படியும் கடல்திவலை ஒன்று. வேரைச் சுற்றிய மண்நீரில் கரைந்திருப்பது இன்னொன்று. இரண்டையும் செடி தாங்கும் விதம் வேறு வேறு. மணல்மேட்டில் அலைக்கு எதிரே வளரும் யூனியோலா பானிகுலேட்டாவைக் கடல்திவலை ஒன்றும் செய்யாது. அதையே நீர் தேங்கும் தாழ்வான உவர்நிலத்தில் நட்டால் அழுகிவிடும். ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃப்ளோரா ஓத நீருக்குள்ளேயே நின்று வளரும், ஆனால் உலர்ந்த மணல்மேட்டில் தேறாது. பட்டியலைப் பார்த்துப் புல்லை வாங்கி, பிறகு இடத்தைத் தேடுவதால்தான் கடலோரப் பாத்திகள் பல கருகுகின்றன. இடத்தின் இரண்டு உப்பையும் அளந்து, வாங்கப்போகும் அதே நாற்றைத் தொட்டியில் சோதித்து, அதன்பின் நடுவதே இங்கே உள்ள முறை. கணக்குகள் 40 சதுர மீட்டர் பாத்தி ஒன்றுக்கு.

மண்ணில் உள்ள உப்பு

தேவையானவை: ஈ.சி. மீட்டர் (நீரின் மின்கடத்துதிறனை அளப்பது; கரைந்த உப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும்), 1.413 மற்றும் 12.88 மில்லிசைமன் அளவுத்திருத்தக் கரைசல்கள், ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு, 2 மி.மீ. சல்லடை, காய்ச்சி வடித்த நீர். மீட்டர் ஈ.சி.யை நேரடியாகக் காட்ட வேண்டும். "பி.பி.எம்." மட்டும் காட்டும் பேனா மீட்டரை எடுக்க வேண்டாம். சில நிறுவனங்கள் ஈ.சி.யை 500ஆல் பெருக்குகின்றன, சில 700ஆல். ஒரே நீர் இரண்டு மீட்டரில் இரண்டு எண் காட்டும், கணக்கு அங்கேயே கோணிவிடும். வெப்பத் திருத்தம் இல்லாத மீட்டரானால் கரைசலை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். ஒரு டிகிரி மாறினால் அளவு ஏறக்குறைய 2 சதவீதம் மாறும்.

பாத்தியில் ஐந்து இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் மூன்று ஆழத்தில் மண் எடுக்க வேண்டும்: 0 முதல் 15 செ.மீ., 15 முதல் 30, 30 முதல் 60. ஒரே ஆழத்து மண்ணை ஒன்றாகக் கலக்கலாம். ஆழங்களைக் கலக்கக் கூடாது. மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருந்தால் திவலையோ பாசன நீரோ உப்பைக் கொண்டுவருகிறது, அல்லது ஆவியாதல் அதை மேலே இழுத்துச் சேர்த்திருக்கிறது. கீழே போகப் போக ஏறினால் நிலத்தடி நீரே உவர். இரண்டுக்கும் மருந்து வேறு.

மண்ணை நிழலில் உலர்த்திச் சலித்து, 20 கிராமை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் போட்டு, ஒரு மணி நேரம் இடையிடையே குலுக்கி, தெளியவிட்டு மேல்நீரை அளக்க வேண்டும். வரும் எண்ணை மண்வகைக்கு ஏற்பப் பெருக்கினால், நிறைவுச்சாற்று ஈ.சி., அதாவது நீர் நிறையக் குழைத்த மண்ணிலிருந்து வடித்த சாற்றின் ஈ.சி., கிடைக்கும். புல்வகைப் பட்டியல்களில் இருப்பது இந்த அளவுதான். மணலுக்கு 14 சுமாராக, மணலும் களியும் கலந்த இருமண்ணுக்கு 10, களிமண்ணுக்கு 7. மணலில் 1:5 கரைசல் 0.4 காட்டினால் "ஒன்றுமில்லை" என்று தோன்றும். 14ஆல் பெருக்கினால் 5.6 டெசிசைமன் (செ.மீ.க்கு மில்லிசைமன், மீட்டருக்கு டெசிசைமன்: இரண்டும் ஒரே எண்தான்). அமெரிக்க உவர்நில ஆய்வகம் 1954இல் வெளியிட்ட கையேட்டிலிருந்து இன்றுவரை உவர்மண்ணுக்கு வைத்திருக்கும் எல்லை 4. ஆகவே அந்த மணல் உவர்மண்தான். பெருக்காமல் விடுவதுதான் இந்தச் சோதனையில் அடிக்கடி நடக்கும் பிழை. இன்னொன்று: ஜிப்சம் போட்ட மண்ணை இப்படி அளந்தால், கரையும் ஜிப்சமே எண்ணை ஏற்றிக் காட்டும். அளவெடுப்பு ஜிப்சத்துக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

கூடவே களர்த்தன்மையும் பார்க்க வேண்டும். உலர்ந்த மண்கட்டி ஒன்றைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு எடுத்து, காய்ச்சி வடித்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசைக்காமல் போட்டு சில மணி நேரம் விட வேண்டும். கட்டி சரிந்து விழுந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் கவலை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் படர்ந்தால் சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிட்டது என்று பொருள். அங்கே நல்ல நீரை மட்டும் ஊற்றி உப்பைக் கழுவப் பார்த்தால் மண் இறுகி, நீர் இறங்குவதே நின்றுபோகும். சுத்த மணலில் களித்துகளே இல்லாததால் இந்தத் தொல்லையும் இல்லை, ஜிப்சமும் தேவையில்லை. மணலில் ஜிப்சம் கொட்டுவது பழக்கத்தால் நடப்பது.

காற்றில் வரும் உப்பு

இதற்குக் கடையில் கருவி தேடத் தேவையில்லை. 30 செ.மீ. சதுர மரச்சட்டத்தில், நன்றாக அலசிக் கஞ்சி நீக்கிய மெல்லிய பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, கடலைப் பார்த்தபடி 60 செ.மீ. உயரத்தில் நிறுத்த வேண்டும். புல்லின் தோகை நிற்கும் உயரம் அது. மழை நனைக்காதபடி மேலே சிறு தகடு. பாத்தியின் முன்னோரம், நடு, பின்னோரம், சுவரோ வேலியோ இருந்தால் அதன் பின்புறம் என நான்கு சட்டம் போதும். 24 மணி நேரம் கழித்துத் துணியைக் கழற்றி 500 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் பிழிந்து பிழிந்து அலசி, ஈ.சி. அளக்க வேண்டும். வெளியே வைக்காத துணியையும் அதே போல அலசி அளந்து, அந்த எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நீர்த்த நிலையில் லிட்டருக்கு 0.1 கிராம் உப்பு ஏறக்குறைய 0.2 மில்லிசைமன் காட்டும். அரை லிட்டரில் 0.2 ஏறினால் துணியில் இருந்தது 0.05 கிராம். துணியின் பரப்பு 0.09 சதுர மீட்டர் என்பதால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.56 கிராம். இந்த எண்ணை எந்த ஆய்வு அட்டவணையோடும் ஒப்பிட வேண்டாம், துணி பிடிக்கும் அளவு நெசவைப் பொறுத்தது. நான்கு சட்டங்களுக்கு இடையே உள்ள விகிதமே நமக்கு வேண்டியது. முன்னோரத்துக்கும் பின்னோரத்துக்கும் பல மடங்கு வித்தியாசம் வந்தால் ஒரே புல்லைப் பாத்தி முழுக்க நடும் திட்டத்தைக் கைவிடலாம். காற்று அமைதியாக இருக்கும் நாளிலும் பலமாக வீசும் நாளிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். திவலை அலை உடையும் இடத்தில் உருவாகிக் காற்றோடு வருவதால், அமைதியான நாளின் எண் ஏமாற்றும்.

முழுச்சுவர் கட்டினால் உப்பு நின்றுவிடும் என்று நினைப்பதும் தவறு. முழுச்சுவரை மோதும் காற்று மேலேறி, பின்புறம் சுழன்று இறங்கும். சுவரை ஒட்டிய இடம் தப்பும், சற்றுத் தள்ளி உப்பு கொட்டும். பாதிக்குப் பாதி இடைவெளி விட்ட பலகை வேலியோ கீற்றுத் தட்டியோ காற்றைச் சுழலவிடாமல் வேகம் குறைக்கிறது. அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அதன் தயவு இருக்கும்.

தொட்டிச் சோதனை

ஒரே இனப் புல்லிலேயே விதையில் வந்ததும் தூர் பிரித்ததும் உப்பில் வேறு வேறு விதமாக நடக்கும். பானிகம் விர்கேட்டத்தில் கடலோரத்திலிருந்து எடுத்த வகைக்கும் உள்நாட்டு வகைக்கும் தாங்குதிறன் ஒன்றல்ல. அதனால் பட்டியலில் உள்ள பெயரைச் சோதித்துப் பயனில்லை. வாங்கப்போகும் அந்தக் கூட்டத்து நாற்றைத்தான் சோதிக்க வேண்டும்.

2 லிட்டர் தொட்டி. கலவை: கரடு மணல் மூன்று பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் கவனம் தேவை. மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து எடுத்த நாராக இருந்தால் அதுவே உப்பு மூட்டை. வடியும் நீர் 0.5 டெசிசைமனுக்குக் கீழே இறங்கும் வரை அலச வேண்டும். இதைச் செய்யாவிட்டால் உப்பே ஊற்றாத ஒப்பீட்டுத் தொட்டியும் சேர்ந்து வாடும், சோதனை முழுக்க வீண். தொட்டியில் நட்டு, வேர் அடிப்பக்கத்துளையை எட்டும் வரை நல்ல நீரில் வளர்த்த பிறகே உப்பு.

ஒவ்வொரு இனத்துக்கும் ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐந்து தொட்டி:

1. நல்ல நீர்.
2. ஈ.சி. 3.
3. ஈ.சி. 6.
4. ஈ.சி. 12.
5. வேருக்கு நல்ல நீர், இலைக்குக் கடல்நீர்த் தெளிப்பு.

கரைசலுக்குக் கடல்நீரே நல்லது. திறந்த கடலின் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு உண்டு. 50 மி.லி.யை ஒரு லிட்டராக்கினால் ஏறக்குறைய 3, 100 மி.லி.யை ஆக்கினால் 6, 200 மி.லி.யை ஆக்கினால் 12 டெசிசைமன் வரும். முகத்துவாரத்தருகே எடுத்த நீர் இதைவிட நீர்த்திருக்கும், எனவே கடைசி வார்த்தை மீட்டருக்குத்தான். கடல்நீர் கிடைக்காத இடத்தில் மீன்தொட்டிக்கான கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் கரைத்துத் தாய்க்கரைசல் செய்துகொள்ளலாம். சமையல் உப்பை மட்டும் கரைத்து ஊற்றினால் சோடியம் மட்டும் ஏறி, கால்சியம் பற்றாக்குறையால் குருத்து சிதையும். அது உண்மையான கடலோரத்தில் காணும் நோய் அல்ல. எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவு நீர்கரை உரம் சேர்த்த பிறகு ஈ.சி.யைச் சரிசெய்ய வேண்டும்.

நேராக 12ஐ ஊற்றக் கூடாது. 3, 6, 9, 12 என்று படிப்படியாக, படிக்கு நான்கைந்து நாள் இடைவெளி விட்டு ஏற்ற வேண்டும். ஒரே நாளில் ஏற்றினால் வேர் நீரிழந்து சுருங்குவதைத்தான் பார்ப்போம். சோடியமும் குளோரைடும் இலையில் மெல்லச் சேர்ந்து செய்யும் கேடு அதில் தெரியாது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மூன்றில் ஒரு பங்கு நீர் அடியில் வடிய வேண்டும். வடிநீரை வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். ஊற்றிய நீரைவிட அது இரட்டிப்புக்கு மேல் போனால் தொட்டியில் உப்பு குவிகிறது, 6 என்று எழுதி வைத்த தொட்டி உள்ளுக்குள் 12 ஆகிவிட்டது. இன்னும் தாராளமாக ஊற்ற வேண்டும்.

ஐந்தாம் பிரிவில் தொட்டி வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, தண்டைச் சுற்றிப் பஞ்சு அடைத்து, கடல்நீரை முழு அடர்த்தியில் சொட்டும் வரை இலையில் தெளிக்க வேண்டும். வாரம் இருமுறை, மாலையில். மாலை என்பதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த சாதா உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே ஈரம் இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே கரையத் தொடங்கும். பகலில் துகளாகக் கிடந்தது இரவில் கரைசலாகி இலைக்குள் நுழைகிறது. கடலோரத்தில் இரவுதோறும் நடப்பது இதுதான். பிரிவில் இரண்டு தொட்டியின் இலைகளை மட்டும் உப்புத்தாளால் (மரம் தேய்க்கும் சொரசொரப்பான தாள்) ஒரு முறை மெல்லத் தேய்த்துவிட்டுத் தெளித்துப் பாருங்கள். பறக்கும் மணல் இலையின் மெழுகுத்தோலைக் கீறிவிடும் இடத்தில் என்ன ஆகும் என்பது தெரியும். தேய்த்த இலை தேய்க்காததைவிடத் தெளிவாக மோசமானால், அந்தப் புல் திவலையைத் தாங்கினாலும் மணல் பறக்கும் முன்வரிசைக்கு ஆகாது.

எட்டு வாரம் ஓட்ட வேண்டும். முதல் மூன்று வாரத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நீர் இலை நுனியில் ஆவியாகி உப்பை அங்கேயே விட்டுச் செல்வதால், கருகல் வெளியே தெரிய நாளாகும்.

மதிப்பெண்ணைப் படிப்பது

வாரம் ஒருமுறை ஒவ்வொரு தொட்டிக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். செத்தால் 0. இலைப்பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கருகினால் 1. பாதியிலிருந்து 90 வரை 2. பாதிக்குக் கீழே 3. நுனியில் மட்டும் லேசாக இருந்தால் 4. ஒன்றுமே இல்லையானால் 5. இதோடு உயரமும் தூர் எண்ணிக்கையும். கடைசியில் வெட்டி, 70 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுத்துப் பார்ப்பதும் நல்லது. ஆனால் அலங்காரத் தோட்டத்துக்கு எடை இரண்டாம்பட்சம்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உப்புத் தாங்குதிறன் அட்டவணைகள் பெரும்பாலும் மாஸ், ஹாஃப்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1977இல் தந்த இரண்டு எண் முறையில் இருக்கின்றன: எந்த ஈ.சி. வரை விளைச்சல் குறையாது, அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் எத்தனை சதவீதம் குறையும். அருகம்புல்லுக்கு அந்த எண்கள் 6.9, 6.4. மண் ஈ.சி. 10 ஆனால் 3.1ஐ 6.4ஆல் பெருக்கி, ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு, 80 சதவீத வளர்ச்சி. தீவனத்துக்கு இது சரியான கணக்கு. பாத்தியிலோ பாதி உயரமே வளர்ந்தாலும் பச்சையாக நிற்கும் புல் அழகுதான், சொல்லப்போனால் வெட்டும் வேலை மிச்சம். 80 சதவீதம் வளர்ந்து ஒவ்வொரு இலை நுனியும் பழுப்பாக நிற்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் எட்டாம் வாரம் கண்மதிப்பு 4க்குக் குறையாத மிக உயர்ந்த ஈ.சி.யையே அந்தப் புல்லின் எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். பாத்தி மண்ணின் ஈ.சி. அதற்கு ஒன்றிரண்டு படி கீழே இருக்க வேண்டும். மணல் மண்ணில் நீர் கொஞ்சமே நிற்பதால் இரண்டு வெயில் நாளில் பாதி நீர் போய் மண்நீரின் உப்பு இரட்டிப்பாகும். அந்த இடைவெளி அதற்காகத்தான்.

இலையில் வெள்ளைத் துகள் கண்டு பூஞ்சை மருந்து அடிப்பவர்கள் உண்டு. ஸ்பார்ட்டினா, ஸ்போரோபோலஸ், டிஸ்டிக்லிஸ் போன்றவை இலையில் உள்ள சுரப்பி வழியே உப்பை வெளியே தள்ளும். நாக்கு நுனியில் வைத்தால் கரிக்கும், நீர் தெளித்தால் கரைந்துவிடும். அது நோய் அல்ல, செடி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

எந்தப் புல் எந்த வரிசைக்கு

முன்வரிசை, அதாவது திவலை நேராக அடித்து மணலும் நகரும் இடம், மணல்மேட்டுப் புற்களுக்கே உரியது. வெப்பக் கடற்கரையில் இராவணன் மீசை, ஸ்போரோபோலஸ் வர்ஜினிகஸ். மிதவெப்பப் பகுதியில் யூனியோலா பானிகுலேட்டா, பானிகம் அமாரம். குளிர்க் கடற்கரையில் அம்மோஃபிலா. இவற்றில் அம்மோஃபிலாவும் யூனியோலாவும் மணல் மேலே வந்து மூட மூடத்தான் புதுவேர் விட்டு ஏறும். மணல் அசையாத, எரு நிறைந்த பாத்தியில் அவை சில ஆண்டில் சோர்ந்துவிடும். இராவணன் மீசையின் இலைமுனை ஊசி, ஆகவே நடைபாதையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி. சில நாடுகளில் மணல்மேட்டுப் புல்லைப் பிடுங்குவதே சட்ட மீறல் என்பதால் நாற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்க வேண்டும்.

நடுவரிசையில்தான் அலங்காரத்துக்கு இடம் அதிகம். மூலன்பெர்ஜியா கேப்பில்லாரிஸின் இளஞ்சிவப்புக் கதிர்மேகம் திவலையில் அதிகம் கெடாது, ஆனால் கால் நனைந்தே இருந்தால் ஒத்துக்கொள்ளாது. ஈரமான உவர்நிலமானால் ஸ்பார்ட்டினா பேட்டன்ஸ். வெட்டிவேர் மண் ஈ.சி. 8 வரை பெரிதாகத் தளராது, சரிவில் மண்ணையும் பிடிக்கும், ஆனால் நிழல் கூடாது. தர்ப்பை எனப்படும் டெஸ்மோஸ்டாக்கியா உவர்நிலத்திலேயே பிறந்து வளர்வது, ஆழமாகப் பரவும் அதன் வேர்த்தண்டை அடக்கத் தடுப்பு வேண்டும்.

பின்வரிசைக்கு, வேலிக்கும் முன்வரிசைகளுக்கும் பிறகு, பென்னிசிட்டம் அலோப்பெக்குராய்டிஸ், மிஸ்காந்தஸ், கலமக்ராஸ்டிஸ் போன்றவை. மண் ஈ.சி. 4க்குக் கீழே இருந்தால் மட்டும். சாஸ்மாந்தியம் லாட்டிஃபோலியத்தின் தொங்கும் தட்டைக் கதிர் யூனியோலாவின் கதிரைப் போலவே இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குவார்கள். அது மரநிழல் புல், உப்பில் முதலில் போவது அதுதான். ஹக்கோனெக்லோவாவும் கடலோரத்துக்கு ஆகாது.

தாங்குதிறனில் முதல் வரிசையில் நிற்கும் சிலவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கார்ட்டடேரியா செல்லோவானா, பென்னிசிட்டம் செட்டேசியம், அருண்டோ டோனாக்ஸ் ஆகியவை தம் மண்ணுக்கு வெளியே நட்ட பல இடங்களில் தோட்டத்தைத் தாண்டிப் பரவிவிட்டன. கரையைக் காக்க 1979இல் சீனாவுக்குக் கொண்டுபோன ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃப்ளோரா இன்று அங்கே பெருஞ்செலவில் அழிக்கப்படும் களை. எதையும் தாங்கும் புல்லை வெளியேற்றுவதும் அதே அளவுக்குக் கடினம்.

பாத்தி அமைப்பு

ஆழம் போகப் போக உப்பு ஏறும் நிலமானால் மேட்டுப்பாத்தி தவிர வழியில்லை. களிமண், இருமண்ணில் நிலத்தடி நீர் ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால் அது நுண்துளை வழியே மேலேறி, ஆவியாகி, உப்பை விட்டுப்போகும். இதை வெட்ட, அடியில் 10 முதல் 20 மி.மீ. ஜல்லி 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் வடிகட்டித் துணி விரித்து, மேலே 40 செ.மீ. மணற்கலவை. 40 சதுர மீட்டருக்கு ஜல்லி 4 கன மீட்டர், கலவை 16 கன மீட்டர். துணியை விட்டுவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி, ஓராண்டில் இடைவெளி அடைத்து, பழையபடி நீர் ஏறத் தொடங்கும். ஜல்லி அடுக்குக்கு ஒரு பக்கம் வடிகாலும் வேண்டும்.

மேலிருந்து வந்த உப்பு மட்டும் என்றால் கழுவினால் போதும். 30 செ.மீ. ஆழ மண்ணுக்கு 15 செ.மீ. நீர் இறங்கினால் உப்பில் பாதி போகும், 30 செ.மீ. இறங்கினால் ஐந்தில் நான்கு பங்கு. நம் பாத்திக்கு முதலாவது 6,000 லிட்டர், இரண்டாவது 12,000 லிட்டர். ஒரேயடியாகக் கட்டி நிறுத்தாமல் 5 செ.மீ. விட்டு, வடிந்து ஒரு நாள் ஆறவிட்டு, மறுபடி விடுவது நீரை மிச்சப்படுத்தும். பெரிய துளைகளில் ஓடும் நீர் மட்டும் கீழே போய், சிறு துளைகளில் உள்ள உப்பு அப்படியே நிற்பதைத் தவிர்க்க அந்த இடைவெளி உதவுகிறது.

குவளைச் சோதனையில் பால்கலங்கல் கண்ட களிமண்ணானால், கழுவுவதற்கு முன் ஜிப்சம். சதுர மீட்டருக்கு அரை கிலோ, மொத்தம் 20 கிலோ, மேல் 15 செ.மீ. மண்ணில் கலந்து. ஜிப்சம் லிட்டருக்கு இரண்டரை கிராம்தான் கரையும். அரை கிலோ கரையவே 200 லிட்டர், அதாவது 20 செ.மீ. நீர் வேண்டும். ஒரே தடவையில் இரண்டு மூன்று கிலோ கொட்டினால் அது வெள்ளைக் கட்டியாகக் கிடக்கும். அரை கிலோ போட்டு, கழுவி, குவளைச் சோதனையைத் திரும்பச் செய்து, தேவையானால் அடுத்த அரை கிலோ.

நடவு மழைக்காலத் தொடக்கத்தில். விதை வேண்டாம், முளைக்கும் பருவத்தில் புல் உப்புக்கு மிகவும் தளர்ந்தது. நாற்றங்காலில் நல்ல நீரில் வளர்ந்த நாற்றுக்கு, நடுவதற்கு முன் இரண்டு வாரம் ஈ.சி. 2, பிறகு 4 நீர் விட்டுப் பழக்கினால் நட்டபின் அதிர்ச்சி குறையும். 60 செ.மீ. இடைவெளியில் சதுர நடவானால் பாத்திக்கு ஏறக்குறைய 110 நாற்று, முக்கோண நடவானால் 130. தூர் கட்டும் புல்லின் அடிப்பகுதி மண்மட்டத்திலோ ஒரு செ.மீ. மேலாகவோ நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும். மணல்மேட்டுப் புல்லுக்கு நேர்மாறு: 20 முதல் 30 செ.மீ. ஆழம், இல்லாவிட்டால் முதல் பலத்த காற்றிலேயே மணல் பறந்து வேர் வெளியே வந்துவிடும்.

நீர்க்கணக்கு

பாசன நீரிலும் உப்பு உண்டு. செடி நீரைக் குடித்து உப்பை மண்ணில் விடும். அதை வேருக்குக் கீழே தள்ள ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக விட வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதற்கு உணவு, வேளாண்மை அமைப்பின் நீர்த்தர வழிகாட்டியில் உள்ள எளிய சூத்திரம் போதும்: நீரின் ஈ.சி.யை, மண்ணில் அனுமதிக்கும் ஈ.சி.யின் ஐந்து மடங்கிலிருந்து நீரின் ஈ.சி.யைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நீர் 2, மண்ணில் அனுமதி 4 என்றால், 2ஐ 18ஆல் வகுக்க 0.11. புல்லின் தேவை நாளுக்கு 5 மி.மீ. என்றால் 5ஐ 0.89ஆல் வகுத்து 5.6 மி.மீ. நீர் 4, அனுமதி 5 என்றால் பங்கு 0.19, விட வேண்டியது 6.2 மி.மீ. 40 சதுர மீட்டருக்கு நாளுக்கு 248 லிட்டர். இதை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிக்காமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்த்து விட்டால்தான் நீர் வேருக்குக் கீழே இறங்கும். தெளிப்பான் வேண்டாம். உவர்நீரை இலையில் தெளிப்பது கடல் செய்வதை நாமே செய்வது.

சொட்டுநீரில் ஒரு பொறி இருக்கிறது. சொட்டுவாயிலிருந்து நீர் பரவும் விளிம்பில் உப்பு வளையமாகச் சேரும். நாற்று சொட்டுவாயருகே இருக்கும் வரை நலமே. முதல் சிறுமழை பெய்யும்போது அந்த வளையம் கரைந்து உள்ளே வேருக்குத் திரும்பும். மழை பெய்கிறதே என்று சொட்டுநீரை நிறுத்துவது இயல்பு, செய்ய வேண்டியதோ அதற்கு நேர் எதிர். நல்ல மழை ஊறும் வரை சொட்டுநீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிறுமழைக்கு அடுத்த வாரம் காரணமே தெரியாமல் புல் கருகும் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

உரம் குறைவாக. தழைச்சத்து ஏறினால் இலை மென்மையாகி உப்புக்காற்றில் முதலில் கருகும். சாம்பல் சத்துக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதுவும் குளோரைடு உப்பே. ஓர் உரம் மண்நீரின் உப்பை எவ்வளவு ஏற்றும் என்பதை ஒப்பிடும் உப்புக் குறியீட்டில் அது 116, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 46. மூடாக்கு 5 செ.மீ. மரச்சீவல். சிப்பி ஓடு அழகாக இருக்கும், ஆனால் மண்ணின் காரத்தைக் கூட்டி இரும்புச்சத்தைக் கட்டிப்போடும்.

கருகலைப் பிரித்தறிதல்

கடலைப் பார்த்த பக்கம் மட்டும் நுனியிலிருந்து பழுத்தால் திவலை. தூரின் எல்லாப் பக்கமும் அடி இலைகள் நுனியிலிருந்து கருகி உள்ளே வந்தால் வேர் உப்பு. புது இலை நரம்புக்கிடையே வெளுத்துப் பழையது பச்சையாகவே இருந்தால் அது உப்பே அல்ல, சிப்பிமணலின் காரத்தால் வந்த இரும்புப் பற்றாக்குறை. வறட்சியும் வேர் உப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மண் ஈரமாக இருந்தும் இலை மதியத்தில் சுருண்டால் உப்பு என்று கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1:5 சோதனை, மண் உலர்ந்த பிறகு, ஒன்றரை மணி நேர வேலைதான்.

புயலுக்குப் பிறகு முதல் வேலை இலைகளை நல்ல நீரால் கழுவுவது, முடிந்தால் அன்றே. கடல்நீர் ஏறி நின்றிருந்தால் நீர் வடிந்த உடன் மூன்று ஆழத்திலும் ஈ.சி. எடுக்க வேண்டும். மணலானால் 5 செ.மீ. வீதம் ஆறு தடவையில் 30 செ.மீ. நீர் விட்டுக் கழுவலாம். களிமண்ணானால் ஜிப்சம் கலந்த பிறகே கழுவல், இல்லாவிட்டால் நல்ல நீரே மண்ணை அடைத்துவிடும். மண் ஈ.சி. தொட்டிச் சோதனையில் கண்ட எல்லைக்குக் கீழே வரும் வரை உரம் ஒரு பிடியும் கூடாது. கருகிய தோகையை உடனே வெட்ட வேண்டாம். அடுத்த காற்றுக்கு அதுவே அடிக்குருத்துக்கு மறைப்பு. தூரின் அடியிலிருந்து புதுக்குருத்து ஒரு சாண் வளர்ந்த பிறகு 15 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வெட்டிய தோகையைப் பாத்திக்கு வெளியே போட வேண்டும். அதில் படிந்திருக்கும் உப்பு மறுபடி மண்ணுக்குள் போகக் கூடாது.